கஞ்சிக்கு முந்திய பாட்டு

எத்தனையோ பேர் என் கையில் இறந்திருக்கிறார்கள். அவள் இறக்கவில்லை. ஆனாலும் இந்த வயதில், கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டால் அவள் முகம்தான் முன்னால் வருகிறது. அதுவும் நீலமாக.

பாறசாலைப் பக்கம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள். எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம், தடியடி. பஸ் ஓடினால் உண்டு. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்திரண்டு வயது. காரோடு என்ற ஊரில், சபையை நடத்தும் உபதேசியார் ஒருவர் வீட்டில் போய்த் தங்கச் சொன்னார் டாக்டர். நோயாளி உபதேசியாரின் மனைவி. சபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள்.

விசித்திரமான நோய். காலையில் முற்றம் பெருக்குவாள். மத்தியானம் இமை சரியும். அந்திக்கு வாய் மெல்லாது, தொண்டை விழுங்காது. சிரித்தால் அழுகிற முகம். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலாக என்னிடம் சொல்வாள்: "வெடியக்காலம் சொகம், அந்திக்கு சீக்கு. எனக்கும் இதுல கொஞ்சம் தா மக்கா, மீன் களுவாண்டாம்லா!"

உடம்பைக் காக்க வேண்டிய காவலே, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நின்று அடிக்கிற நோய் அது. பல வருஷம் கழித்துத்தான் அதைப் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம் டாக்டர் சொன்னது: "எல்லா மருந்தையும் போல இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துவிடாதே. மாத்திரை முதலில். முக்கால் மணியில் தொண்டைக்குப் பலம் வரும், அப்போதே ஊட்டிவிடு. பலம் நிற்காது. நேரம் தப்பி மூச்சு முட்டினால் இந்த ஊசி. ஒன்றுதான் இருக்கிறது."

ஐந்தேகாலுக்கு மாத்திரை, குடும்ப ஜெபம், ஆறு மணிக்குக் கஞ்சி. அந்த வீட்டில் ஜெபத்துக்கு முன் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பதினோராம் நாள் மாத்திரை கொடுத்த கையோடு செய்தி வந்தது. சபை ஆண்கள் ஏழு பேரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். "எனக்க மூத்தவனுக்கு ஒரு செபம் செய்யும் உபதேசியாரே." "எனக்க மருமவனையும் விட்டுராதேயும்." ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஜெபம், ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு பாட்டு.

அவள் பாடினாள். மாத்திரையின் பலம் முழுவதும் குரலில் ஏறியிருந்தது. மாதக்கணக்கில் மூக்கால் முனகியவள் கூரை அதிரப் பாடினாள். அடுத்த வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு மணி அடித்ததை நான் கேட்டேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியதையும் பார்த்தேன். எழுந்து "போதும்" என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்த அத்தனை பேர் நடுவே வாய் வரவில்லை. அதைவிட, அந்தக் குரல் நிற்கக் கூடாது என்று எனக்கே இருந்தது.

ஏழரைக்கு ஆமென். இமை கொஞ்சம் சரிந்திருந்தது. பாடிய களைப்பு என்று நினைத்தேன். மூன்றாவது கரண்டி.

இருமவில்லை. அதுதான் பயங்கரம். இருமுவதற்கும் பலம் வேண்டுமே! கஞ்சி மூக்கில் வழிந்தது, கண் என்மேலேயே நின்றது, உதடு நாவற்பழம். கட்டிலிலிருந்து தலையைக் கீழே தொங்கவிட்டு, ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் விட்டு என் வாயாலேயே உறிஞ்சித் துப்பினேன். துப்பினேன், உறிஞ்சினேன். எங்கோ ஒரு மூச்சு இழுபட்டது. அந்த ஒரே ஊசியைப் போட்டேன். 

இமை உயர்ந்தபோது, பாட்டு நன்றாக இருந்ததா என்றுதான் கேட்டாள்: "பாட்டு கொள்ளாமா பிள்ளே?"

என் வாயில் அவள் கஞ்சியின் புளிப்பு. 

அன்றிரவே உபதேசியாரிடம் சொன்னேன்: "தப்பு எனக்கதாக்கும். ஆறு மணிக்கே எழும்பியிருக்கணும். இனி ஊசி இல்ல." 

மறுநாள் அந்திக்கும் ஜெபத்துக்கு ஆட்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"செபம்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அவ முளுங்கட்டும். கர்த்தரு காத்திருப்பாராக்கும்."

கரண்டியை எடுத்தேன்.  பாயில் இருந்த அத்தனை பேரும் அவள் கழுத்தையே பார்த்திருந்தார்கள். அவள் விழுங்கும்போதெல்லாம் அத்தனை தொண்டைகளும் ஏறி இறங்கின.