சாமுவேலின் வாரம்

போன மாதம் கத்தரிக்குப் போட ஒரு கிலோ யூரியா வாங்கப் போனேன். கடைக்காரர் போனில் யாரோடோ பேசிக்கொண்டே அள்ளிக் கட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் அந்த மூத்திர வாடை மூக்கில் ஏறியதும் தெருவில் சிப்பாய் யாரும் நிற்கிறானா என்று கண் தானாகத் தேடியது. சிரிக்காதீங்க, ஒரு காலத்தில் கண்டி டவுனில் அந்தப் பையோடு நடக்கவே தைரியம் வேண்டியிருந்தது.

யுத்த காலம். அம்பிட்டியப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் விவசாயம் சொல்லிக் கொடுத்தேன். கட்டடத்துக்குப் பின்னால் சரிவில் லீக்ஸும் போஞ்சியும் என்று காய்கறி போட்டிருந்தோம். அட்டைக்கும் குறைச்சலில்லை. பயிரோடு பிள்ளைகளைத் தலைவர்களாகவும் வளர்த்துவிடலாம் என்று எனக்கொரு கிறுக்கு. வாரத்துக்கு ஒருவர் பொறுப்பு. பன்றி வந்து பாத்தியைக் கிளறினாலும் "யார் பொறுப்பு?" என்று கேட்பேன். சாக்குச் சொல்லாமல் "நான்தான்" என்று முன்னால் வரவேண்டும். சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே சட்டம். கேட்கும்போது எனக்கு ஜெனரல் என்று நினைப்பு.

அந்த வாரம் சாமுவேல். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பையன், தொழிலாளர் குடியிருக்கிற அவன் லயத்திலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். யூரியா வாங்கிக்கொண்டு எல்லோரும் பஸ்ஸில் திரும்பினோம். குண்டு செய்ய யூரியா போகிறது என்று எங்கு பார்த்தாலும் கெடுபிடி. சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். சிப்பாய் பையைப் பிரித்து வெள்ளைக் குருணையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "இதுக்கு யார் பொறுப்பு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன் சாமுவேல் முன்னால் வந்துவிட்டான். "நான்தான் சார்" என்றான், அதே சிங்களத்தில்.

நான் பழக்கிய பழக்கம். "நான்தான் இவங்க மாஸ்டர், நான்தான் வாங்கினேன்" என்று கத்தினேன். "அவனே ஒத்துக்கிட்டானே" என்று என்னை ஒதுக்கிவிட்டு, அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. சிற்றாலயத்தில் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் ஜெபித்தார்கள். மூன்றாம் நாள், சேதி கேள்விப்பட்ட உரக்கடை முதலாளி, ஒரு சிங்களவர், தானாகவே பொலிசுக்குப் போய் "என் கடையில் வாங்கியதுதான்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

கன்னம் வீங்கிப்போய் வந்தான். நேரே பாத்திக்கு வந்து, "லீக்ஸுக்குத் தண்ணி விட்டீங்களா சார்? என் வாரம் இன்னும் முடியலையே" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்தியைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்க நல்லதத்தான் சொல்லிக் குடுத்தீங்க சார். ஆனா எம்புள்ள தலைவனா வேணாம். உசுரோட இருந்தா போதும்."

அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்குமிடம் வரை சாமுவேலின் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். பிறகு கட்டாருக்குப் போய்விட்டான் என்று கேள்வி. அந்தச் சரிவில் இப்போது ஒரு ஹோட்டல் நிற்கிறது, லீக்ஸ் பாத்தி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

அவன் போன மறுநாள் திங்கட்கிழமை. "இந்த வாரம் யார்?" என்று கேட்டேன். எப்போதும் போட்டி போட்டுக் கை தூக்குகிற பிள்ளைகள், சிங்களமும் தமிழும், தலை குனிந்து நின்றார்கள். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. மண்வெட்டிகளை நானே எடுத்துக் கொடுத்தேன்.