பாலத்தில் எழாத கை

லெய்மோமி தன் சுற்றுலா வேனில் ஏறுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது கையைத் தூக்கத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்திருக்க வேண்டும், மற்ற மூன்றும் மடங்கியிருக்க வேண்டும். எங்கள் தீவில் ஹானா ஊருக்குப் போகும் கடற்கரைச் சாலையில் பாலங்களெல்லாம் ஒரு வண்டி அகலம்தான். முதலில் வந்தவர் போவார், எதிரே வந்தவர் காத்து நிற்பார். போகிறவர் நிற்கிறவருக்குக் கை தூக்குவார்.

"தூக்காம போனா அடுத்த பாலத்துல நமக்கு யாரும் நிக்க மாட்டாங்க. அப்புறம் இந்த வேனை நீங்கதான் தலைல சுமந்துக்கிட்டு வரணும்" என்பாள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் இதற்கும் விழுந்து விழுந்து சிரிக்கும். அதுகளுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புதான்.

நான் ரூஃபினா. அதே சாலையில் ஹுவேலோ வளைவில் வாழைப்பழ ரொட்டி விற்கிறேன். தினமும் அவள் வேன் என் கடையில் நிற்கும். வளைவில் வயிற்றைப் பிரட்டுகிறவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம் கொடுப்பாள். அருவியைக் கண்டு கத்துகிறவர்களோடு, இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலச் சேர்ந்து கத்துவாள். நடிப்பு என்று நான் நினைத்ததுண்டு. இல்லை, அவளுக்கு உண்மையிலேயே அலுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, ஹானாவில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க அவள் வேனிலேயே முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியதும் பின்னால் இருந்தவர்கள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சனிக்கிழமை விருந்துக்குக் களி?"

"கடையில சொல்லியாச்சு ஆன்ட்டி."

"கடையிலயா! ஏண்டி, சேப்பங்கிழங்கு விளையற கெயனாயேல பொறந்த பொண்ணு வீட்டுல கடைக் களியா?"

அவள் கியரை மாற்றினாள். பிள்ளையே இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, நாற்பத்திரண்டு வயதில் பெற்றெடுத்த மகளுக்கு முதல் பிறந்தநாள். எங்கள் தீவில் அந்த விருந்து கல்யாணத்தைவிடப் பெரிது. பன்றி, மீன் எல்லாம் இருந்தாலும், சொந்த வயல் சேப்பங்கிழங்கை இடித்த களி இல்லாவிட்டால் விருந்தே இல்லை. அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள்.

வயல் அவளுடைய அண்ணன் கெயோகியிடம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு வேன் ஜனத்தைக் கூட்டிப்போய் அந்த வயலைக் காட்டினாள். வீட்டுப் பக்கத்தில்தான் அவர்கள் அப்பா அம்மாவின் சமாதி. வந்தவர்களில் ஒருவன் போட்டோவுக்காக அதன்மேல் ஏறி நின்றுவிட்டான். "இனிமே அந்த வேனோட இங்க வராதே" என்றான் கெயோகி. "வேன் வரலேன்னா நானும் வரல" என்றாள் இவள். நல்ல பதில்தான். அந்த ஒரு நல்ல பதிலுக்கு நாலு வருஷம் போயிற்று. குழந்தைக்குத் தங்கள் அம்மா பெயரான லஹேலாவையே வைத்திருக்கிறாள். மாமன் முகம் அதற்குத் தெரியாது.

"போய்க் கேளேன்டி" என்றேன்.

"யார்கிட்ட? அந்தப் பாறாங்கல்லுகிட்டயா?"

"நீ மட்டும் என்ன பஞ்சு மெத்தையா?"

"பாறாங்கல்லாவது மழை பெஞ்சா நகரும் ஆன்ட்டி" என்றவளின் மூக்கு சிவந்துவிட்டது. "பாலத்துல எதிர்ல வர்றப்ப நின்னு வழி விடுவான். ஆனா ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பான். நானும் கை தூக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிறேன், பாருங்க."

இதைச் சொல்லிக்கொண்டே வளைவைத் திருப்பினாள். எதிரே பாலத்தில் ஒரு பச்சை டிரக் ஏறிக்கொண்டிருந்தது. கெயோகியின் டிரக். முதலில் வந்தவன் அவன். நிற்க வேண்டியவள் இவள். இவள் கை ஸ்டியரிங்கை விட்டுப் பாதி எழுந்தது. கை தூக்குகிற அவசரத்தில் கால் பிரேக்கை மறந்துவிட்டது. இந்தச் சாலையிலேயே வளர்ந்தவள், நேற்று வண்டி வாடகைக்கு எடுத்தவன் செய்கிற தப்பைச் செய்தாள். பாலத்தின் நடுவில் இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன.

எங்கள் பின்னால் வாடகைக் கார்கள் அனுமார் வாலாக வந்து சேர்ந்துவிட்டன. பின்னால் போக வழியில்லை. ஹாரன் சத்தம் வேறு. கெயோகி இறங்கி நடந்து வந்தான். ஜன்னலருகே வந்து தங்கையைப் பார்த்தான். நாலு வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை இது:

"யாரு முதல்ல வந்தான்னு தெரியாதா? யாருடி உனக்கு லைசன்ஸ் குடுத்தது?"

"நீதானே அண்ணா ஓட்டக் கத்துக்குடுத்தே" என்றாள்.

அவன் பார்வையைத் திருப்பினான். அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"நீங்க இங்க உக்காந்திருக்கீங்க? அப்ப கடையில யாரு?"

"பூட்டியாச்சு. என்ன வேணும் உனக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். டிரக்கின் பின்பக்கம் மூட்டைகளின் கனத்தில் தாழ்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சேப்பங்கிழங்கு. அவித்து, தோல் சுரண்டி, ஈரச் சாக்கில் கட்டியிருந்தான்.

"உங்க கடையில வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன். எடுத்துக்கிட்டுப் போய்ப் புள்ளைக்கு..." என்று நிறுத்திக்கொண்டான்.

"கடை திங்கட்கிழமைதான் திறப்பேன்" என்றேன். பொய். வெள்ளிக்கிழமையே திறப்பதாக இருந்தேன்.

"வேன்ல ஏத்திக்கிறியா?" என்று தங்கையைக் கேட்டான்.

"இடமில்லை" என்றாள். எனக்குப் பின்னால் இரண்டு சீட் காலியாக இருந்தன. அவனுக்கும் அது தெரிந்தது.

"அப்ப நான்தான் கொண்டுவரணும் போல" என்றான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு. "இன்னிக்கே இடிக்கணும். ஆறினா கெட்டியாயிடும்."

"வா. வீட்டுல அவர் இருக்கார். லஹேலா இந்நேரம் முழிச்சிருப்பா."

அம்மாவின் பெயர் காதில் விழுந்ததும் அவன் ஒரு நொடி நின்றான். பிறகு வந்த வழியே டிரக்கைப் பின்னால் நகர்த்தி, ஓரமாக நிறுத்தி வழி விட்டான். எங்கள் வேன் கடந்தபோது ஆற்றைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான், இரண்டு விரலும் நன்றாக விரிய. வேனில் இருந்த அத்தனை பேரும், அவர்களுக்கு ஒன்றும் புரியாமலே, சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கினார்கள்.

லெய்மோமியின் கை மட்டும் எழவில்லை. ஒன்று ஸ்டியரிங்கில் இருந்தது, இன்னொன்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் சேர்த்து நான் இரண்டு கையையும் தூக்கினேன்.