வெள்ளிக்கிழமை சுற்றிய காயில்

போன வெள்ளிக்கிழமை காலை தண்டலம் பஸ் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றிருந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் பையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷாம்பூ வாசனைதான். ஆனால் என் மூக்கில் ஏறியது வார்னிஷ் நெடி. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் மண்ணூரில் ஒரு சின்ன யூனிட்டில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாருக்கான காயில். அது சரியாக இருந்தால்தான் பிளக்கில் பொறி வரும். முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியைச் சுற்றி, நூல் கட்டி, வார்னிஷில் முக்கி எடுப்போம். முக்குவதற்கு முன்னால் சூடு காட்டி ஈரத்தைப் போக்க வேண்டுமாம். எங்கள் அவசரத்தில் அதை யார் செய்தார்கள்! படகை நான் அதுவரை காலண்டரில்தான் பார்த்திருந்தேன். வீட்டில் மட்டும் கப்பலே நான் கட்டுவதுபோல அளப்பேன்.

யார் சுற்றியது என்று தெரிய ஆளுக்கொரு நிற நூல். எனக்கு மஞ்சள், பக்கத்து மிஷின் ஸ்டெல்லாவுக்குச் சிவப்பு. ஸ்டெல்லா சரியான வாயாடி. என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அக்காவுக்குப் பிரசவ வலி. லீவு போட்டால் வேலை போய்விடும். சூப்பர்வைசர் சரக்கு கொடுக்க மெட்ராஸ் போயிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நைசாகக் கிளம்பிவிட்டாள். அவள் கணக்குக் காயில்களை நான் சுற்றி, சிவப்பு நூல் கட்டினேன். நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிறவள். ஈரத்தலை, குனிந்தபடியே வேலை.

இரண்டு மாதம் கழித்து, கோவளம் பக்கத்து மீனவர் ஒருவர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"கரைல நல்லா ஓடுது. அரை மணி போனா கம்முனு நின்னுடுது. ஆறினா திரும்ப ஓடுது. ரெண்டு தபா நடுக்கடல்லேந்து துடுப்பு போட்டுகினு வந்தேன்."

தண்ணீர் டிரம்மில் மாட்டிக் கயிற்றை இழுத்தார்கள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பிளக்கை மாற்றியும் பார்த்தார்கள், ஓடியது.

"நல்லாத்தானய்யா கீது. உனுக்கு ஓட்டத் தெரியல" என்றார் சூப்பர்வைசர்.

"நிறுத்தாத சார். ஓடிக்கினே இருக்கட்டும்" என்று அவர் டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கெல்லாம் வேடிக்கை. அரை மணி நேரத்தில் மோட்டார் நின்றது. பிளக்கில் பொறி இல்லை. ஆறவிட்டார்கள், பொறி வந்தது. காயிலைக் கழற்றிச் சுற்றைப் பிரித்தார் சூப்பர்வைசர். உள்ளே ஓரிடத்தில் கம்பி பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. சூடேறினால் அங்கே விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு ஈரம் செய்த வேலை.

நூல் சிவப்பு.

"ஈரத்தலையோட வந்து உக்காந்தா இன்னா ஆவும்? அந்தாளு கடல்ல செத்திருந்தா?" என்று ஸ்டெல்லாவைப் பிடித்துக் கத்தினார். ஸ்டெல்லா வேலைக்கு ஈரத்தலையோடு வந்தவளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் தலைக்குக் குளிப்பாள், அவ்வளவுதான். அது எங்கள் லைன் முழுக்கத் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசரிடம், "ஆமா சார், என் தப்புதான்" என்றாள்.

அப்போதே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது என் மிஷின் அருகில் நின்றாள்.

"தலய காயவெச்சுகினு வாடி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி.

அந்த மீனவருக்குப் புதுக் காயில் கொடுத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை, மோட்டார் ஓடியிருக்கும். யூனிட் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பஸ் நிறுத்தத்துப் பெண்ணின் கம்பெனியில் தலைக்குத் தொப்பி கொடுப்பார்களாம். யார் செய்தது என்பதை ஸ்டிக்கர் சொல்லுமாம். ஸ்டெல்லா எங்கே போனாள் என்று சொல்ல ஆளில்லை.

யூனிட்டை மறு வருஷமே மூடிவிட்டார்கள். அவள் போனபின் நான் அங்கே வேலை பார்த்தது பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.