எண்பத்து நான்கு கிரெடிட்

மர அளவுகோல் ஒரு வரி கீழே இறங்கியது. இடக்கை அதை அழுத்திப் பிடிக்க, வலக்கை பாடத்தின் பெயர், முடித்த தேதி, அதற்குக் கிடைத்த கிரெடிட் புள்ளி மூன்றையும் பென்சிலால் தாளில் எடுத்து எழுதியது. கோப்பிலிருந்த பழைய கூட்டுத்தொகையின் மேல் ஒரு மஞ்சள் அட்டை மாட்டியிருந்தது. பழைய விடையைப் பார்த்துக்கொண்டே கூட்டினால் கை தானாக அதே விடையில் போய் நிற்கும். மறைத்துவிட்டுக் கூட்டினால்தான் சரிபார்ப்பு.

எழுபத்தாறு வந்தது. மறுபடி கூட்டினாலும் அதேதான். அட்டையை எடுத்தாள். அடியில் தொண்ணூறு என்றிருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அவள் கையெழுத்து.

அவள் ஆர்டிஸ் ஹக்லண்ட். கோதுமைக் கிடங்கில் லாரி எடை போட்டுக்கொண்டிருந்தவள், பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு வந்தபோது யாரும் வேலை சொல்லித்தரவில்லை. மாநிலத்தின் விதிப்புத்தகத்தை ஒரு குளிர்காலம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துத் தானே கற்றுக்கொண்டாள். எந்த ஆசிரியர் மாநில அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை அன்றிலிருந்து அவள்தான் முடிவு செய்கிறாள். பட்டத்துக்குப் பிறகு சேர்த்த கிரெடிட் நாற்பத்தைந்து, தொண்ணூறு, நூற்று முப்பத்தைந்து என்று கட்டம் ஏறும்; சம்பளம் அதன்படிதான்.

இந்தக் கோப்பு கொரின் வைபர்ட்டுடையது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஆர்டிஸுக்கு அடுத்த பண்ணை. பல வருஷம் முன்பு ஒரு டிசம்பரில் கொரின் கல்லூரிப் படிப்பை முடித்தாள். கல்லூரி அடுத்த ஜூனில்தான் பட்டம் கொடுத்தது. இடைப்பட்ட மாதங்களில் பதினான்கு கிரெடிட் படித்திருந்தாள். பட்டம் வழங்கிய தேதிக்குப் பிறகு படித்தது மட்டுமே செல்லும் என்பது விதி. அந்த முதல் குளிர்காலத்தில் ஆர்டிஸ், படிப்பு முடிந்த தேதியைப் பட்டத் தேதியாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அதன்பின் அந்தக் கோப்பை அடியிலிருந்து கூட்ட அவசியமே வரவில்லை. இந்த வருஷம் தணிக்கைக்காரர்கள் ஐந்து கோப்புகளை முதலிலிருந்து கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். ஐந்தில் ஒன்று இது.

கொரின் வரும் ஜூனில் ஓய்வு பெறுகிறாள். கணவன் மெர்லுக்கு வாரம் மூன்று நாள் ஸ்போகேன் நகரத்தில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து வைத்திருந்தார்கள், பென்ஷனை நம்பி.

விஷயத்தை முழுக்கச் சொல்லாமல் ஆர்டிஸ் அவளைக் கேட்டாள்: "பயிற்சிக்குப் போன சான்றிதழ் எதாவது வச்சிருக்கியா?"

"ஒரு ஆப்பிள் பொட்டி நெறைய கெடக்கு. தொண்ணூறு வந்தாச்சு, அடுத்த கட்டம் நூத்தி முப்பத்தஞ்சு, அதுக்கு எவ ஓடுவான்னு போட்டு வச்சேன். எலி தின்னது போக மிச்சம் ஒனக்கு."

பத்து மணி நேரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட். பெட்டியில் எட்டு கிரெடிட் தேறியது; எழுபத்தாறோடு சேர்த்தால் எண்பத்து நான்கு. மற்றவற்றில் நடத்தியவர் கையெழுத்து இல்லை. நடத்திய அலுவலகமும் மூடிப் பல வருஷம். கிரெடிட் சேர்க்கக் கடைசி நாளான அக்டோபர் ஒன்று தாண்டிவிட்டதால் இனிமேல் படிப்பதும் இந்த வருஷத்துக்கு ஆகாது.

பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் ராய்ஸ் கதவோரம் நின்று கேட்டான். "பொட்டிய இன்னொரு தடவ பாக்கலாமா ஆர்டிஸ்?"

"மூணு தடவ கவுத்துட்டேன்."

"நானே சொல்லட்டுமா அவங்ககிட்ட?"

"வேணாம். தப்பு என்னோடது. நீங்க சொன்னா உங்களத் திட்டுவா."

ஆர்டிஸ் கொரினின் வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொரின் தொட்டியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எவ்வளவு கொறையுது?"

"ஆறு."

"ஆறு கிரெடிட்டுக்கா இந்த மூஞ்சி? ஒன் காபியக் குடிச்சே பொழச்சவ நான்."

"எண்பத்து நாலும் நாப்பத்தஞ்சும் ஒண்ணுதான் கொரின். நடுவுல கட்டம் கெடையாது. போன வருஷங்களையும் சேத்துத் திருத்துவாங்க."

கொரின் குழாயை மூடினாள். "ரிடையர் ஆகாம இன்னொரு வருஷம் இருந்தா?"

"அஞ்சு வருஷச் சம்பளத்த வச்சுத்தான் பென்ஷன் கணக்கு. ஒரு வருஷம் போதாது, அஞ்சு வருஷம் இருக்கணும்."

"மெர்லுக்கு அஞ்சு வருஷம் இல்ல."

விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இதற்கு வழி இல்லை. எல்லாப் பக்கமும் பார்த்தாகிவிட்டது.

"வேற எவளாவது இந்தத் தப்பப் பண்ணியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்," என்றாள் கொரின். "நீ போய்ப் பண்ணி வச்சிருக்க."

"திட்டு."

"பிள்ளைங்க வந்துரும்."

ஆர்டிஸ் திருத்திய தாளை நீட்டினாள். கட்டம் நாற்பத்தைந்து, மொத்தம் எண்பத்து நான்கு, தேதி, அவள் கையொப்பம். "ஒரு நகல் ஒனக்கு."

கொரின் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.