கரண்ட் நிற்காத கராவன்

ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கப் போகிற மனிதன் வீடு வாங்குவான். என் அண்ணன் புவனேசன் கராவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த வீடு. செய்தியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு என்ன விசரோ அண்ணை?"

"நினைச்ச நேரம் இழுத்துக்கொண்டு போகலாம் குமுதினி" என்று சிரித்தார்.

அதுதான் அவர். லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து குரொய்டனில் தபால் பிரிக்கிற வேலை, வாடகை அறை. ஒன்றிலிருந்து எழும்பச் சொன்னால் அடுத்தது. எந்த அறையிலும் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கத் தெரியாத மனிதன். எனக்கு உயிர். ஆனால் அவரைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டதும் நான்தான்.

ஜெயகௌரியை அவருக்கு நான்தான் கலியாணம் பேசினேன். பக்கத்து ஊரான சட்டனில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு முன்பு நிச்சயம் செய்த மாப்பிள்ளை, போய்விட்டு வருகிறேன் என்று கனடாவுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அண்ணனை இரண்டு முறை கோயிலில் சந்தித்த பிறகு என்னிடம் சொன்னாள்:

"ஆள் நல்லவர்தான். ஆனா நிண்டுபிடிக்கிற ஆளோ? இன்னொருக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

ஒருநாள் பொறுத்துப் பார் என்று கெஞ்சித்தான் அவளைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். 2004 ஒக்டோபர், சனிக்கிழமை. தென் லண்டனில் கராவன்கள் நிறுத்துகிற ஒரு பெரிய புல்வெளி. மத்தியானத்துக்குள் அவள் ஓம் என்பாளா, இல்லை என்பாளா என்று தெரிந்துவிடும்.

அண்ணன் ஹீட்டரைப் போட்டு, றைஸ் குக்கரில் அரிசியும் போட்டிருந்தார். நாங்கள் ஏறிக் கதவைச் சாத்திச் சற்று நேரத்தில் எல்லாம் பட்டென்று நின்றது.

"கரண்ட் போயிட்டுது" என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

உள்ளே இருந்த ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. பக்கத்துக் கராவன்களில் வெளிச்சம் இருந்தது. காவலாளியைக் கூட்டிவந்து கரண்ட் கொடுக்கிற கம்பத்தைப் பார்த்தார். அதில் ஒரு பிழையுமில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் தானாக வந்தது. அரிசி கொதிக்கத் தொடங்க, மறுபடி போனது.

ஹீட்டரில்தான் குற்றம் என்று அதைக் கழற்றிவிட்டு, குக்கரோடு தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலையும் போட்டார். கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் நின்றது. பிளக்கைத் திறந்து பியூஸை மாற்றினார். வந்தது, போனது. அரிசி வேகவுமில்லை, பச்சையாகவுமில்லை. ஜெயகௌரி கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. கோதாரி விழுந்த கராவன்!

நான் கொண்டுவந்த பொரித்த மீனில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவள் வெளியே இறங்கினாள். வெளியே ஒரு பூனை நின்றதாம். சிறிது நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"இஞ்சை ஒருக்கா வாங்கோ."

கராவனுக்குக் கீழே, கம்பத்திலிருந்து வருகிற வயரைச் சுற்றி வைத்த பெரிய உருளை. அதன்மேல் பூனை சுருண்டு படுத்திருந்தது. ஈரப்புல்லில் அதற்கு அதைவிடச் சுகமான இடமில்லை. ஜெயகௌரி பூனையைத் தள்ளிவிட்டு உருளையில் கையை வைத்தாள்.

"தோசைக்கல்லு மாதிரிச் சுடுது. ஏன் இவ்வளவு வயரும் சுத்தியே கிடக்கு?"

அண்ணன் குனிந்து தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று.

"சுத்தி இருந்தா வயர் சூடேறும். சூடேறினா உதுக்குள்ள இருக்கிற சுவிட்ச் வெட்டும். ஆற, திருப்பி விடும். முழுக்க அவிட்டுப் பாவிக்கச் சொல்லி உருளையிலயே எழுதிக் கிடக்கு."

"தெரிஞ்சும் ஏன் அவிழ்க்கேல்லை?"

"போகேக்கை திருப்பிச் சுத்தவேணும். தேவையானளவு இழுத்தாக் காணும் எண்டு..."

"எங்கை போகப் போறியள்?"

அண்ணன் உருளையின் கைபிடியைத் திருகினார். நான் பாய்ந்து ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

"ஒரு இடமும் இல்லை" என்றார் கடைசியில். "எழும்பு, வெளிக்கிடு எண்டுதான் எல்லாரும் எனக்குச் சொன்னவை. இரு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

உருளையை அவர் பிடிக்க, அவள் வயரை இழுத்துக்கொண்டு புல்லில் நடந்தாள். கராவனைச் சுற்றி வளையம் வளையமாகப் போட்டார்கள். ஓரிடத்தில் சிக்கியது; இரண்டு பேரும் குந்தியிருந்து பிரித்தார்கள். உருளை மொட்டையாக வந்தது.

அதன்பிறகு கரண்ட் போகவேயில்லை. ஹீட்டர் எரிந்தது, குக்கர் கொதித்தது. பழைய அரிசியைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

ஜெயகௌரி மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டாள். அண்ணன் தன்னுடையதை வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றபடியே பிசையத் தொடங்கினார். எவர் வீட்டிலும் அவர் அப்படித்தான், ஒரு கால் வாசலில். நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன விஷயம்.

அவள் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"இருங்கோ" என்றாள்.

அண்ணன் கோப்பையும் கையுமாக அவளையே பார்த்தார். உட்காரவா, போகாமல் இருக்கவா, எந்த 'இருங்கோ' என்று அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு வந்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மனுசன் சோற்றைப் பிசையாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்றாள் ஜெயகௌரி.