கை முளைக்கும் கிரகத்துக்குப் பூந்தமல்லி வழி

நிலவில் மனிதன் கால் வைத்து நாலைந்து வருஷம் ஆகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரத்துக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் ஏமாளி அல்லது ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்த எண்ணத்தைப் பெரிதாக மாற்றிக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தணிகாசலத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

தணிகாசலம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். கரையான்சாவடியில் வாடகை வீடு. வேற்றுக் கிரகங்களையும் பேசும் வாள்களையும் வைத்து நாவல் எழுதுகிறார். சொந்தக் காசில் அச்சடித்து, ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல்களில் சைக்கிளை நிறுத்தி அவரே விற்கிறார். ஒரு தொழிலாளி தன் வயிற்றை விட்டுவிட்டு வானத்தை எழுதுவது துரோகம் என்று எங்கள் பத்திரிகையில் எழுத இருந்தேன். முதலில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வா என்றார்கள் நண்பர்கள். அவரைத் தேடிப் போக விரும்பும் வாசகர்களும் சிலர் இருப்பதால் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்ட்ரலில் காலை எட்டேகால் பாசஞ்சர் பிடித்தால் ஒன்பது மணிக்குள் அம்பத்தூர். பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் வண்டிக்கு அவசரம் கிடையாது. ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், கரி கண்ணில் விழும். ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. வழியெல்லாம் சாக்கடை பச்சையும் மஞ்சளுமாக ஓடுகிறது. ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் டிபன் கேரியரோடு வேலைக்குப் போகிறார்கள்.

அன்றைக்கு அவர்களும் இல்லை. மின்வெட்டு நாள். கேட் பூட்டியிருந்தது. காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து பீடியைக் காதில் செருகிக்கொண்டு, நான் யார், எந்த யூனியன் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“கரண்ட் இல்லாங்காட்டி இங்க இன்னா வேலை அவருக்கு? ராக்கெட் ஓட்டப் பூட்டாரு. குமணன்சாவடில பாய் பிரஸ்ல கீறாரு, போய்ப் பாரு.”

திரும்ப ஸ்டேஷன், அங்கிருந்து ஆவடிக்கு ரயில், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ். பஸ் பயணம் பத்து கிலோமீட்டர், கட்டணம் முப்பத்தைந்து பைசா. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் எத்தனையோ ராணுவ லாரிகள் போய்விட்டன. லாரிக்கு டீசல் இருக்கிறது, பஸ்ஸுக்குத்தான் இல்லை போலும். நேராக வருகிறவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம். பாரிமுனையில் பூந்தமல்லி பஸ் ஏறி, ஊருக்குச் சற்று முன்னால் பெங்களூர் சாலையில் குமணன்சாவடி கூட்டு ரோட்டில் இறங்கினால் போதும்.

காதர் பாயின் அச்சகம் சைக்கிள் கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவில் ஓர் ஓட்டுக் கட்டடம். கல்யாணப் பத்திரிகை, பீடிக் கட்டு லேபிள், பள்ளிவாசல் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். காலால் மிதிக்கும் ட்ரெடில் மிஷினுக்குக் கரண்ட் தேவையில்லை. தணிகாசலம் பனியனோடு மிஷினை மிதித்து ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வந்த காரியத்தைச் சொன்னேன். “திட்டறதுக்கு இவ்ளோ தூரம் வந்தியா?” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அவர் எழுதும் விதம் நான் எங்கும் கேள்விப்படாதது. பாயிடம் நாலு பக்கத்துக்குத்தான் ஈய எழுத்து இருக்கிறது. நாலு பக்கம் கோத்து, ஐந்நூறு தாள் அடித்து, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்ட பிறகுதான் அடுத்த நாலு பக்கம் கோக்க முடியும். ஆகவே தணிகாசலம் முழு நாவலையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மின்வெட்டு நாளுக்கு நாலு பக்கம். மறுநாள் அந்த நாலு பக்கத்தையும் தொழிற்சாலை எதிரே டீக்கடையில் வாசிக்கிறார். ஆட்கள் கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், இவனைக் கொல்லாதே, அவளைத் திருப்பிக் கூட்டி வா என்கிறார்கள். அடுத்த நாலு பக்கம் அதிலிருந்து பிறக்கிறது. அச்சானதை மட்டும் யாரும் மாற்ற முடியாது. கரண்ட் இருந்தால் எழுத நேரமில்லை. கரண்ட் இல்லாவிட்டால் அரைக் கூலி, தாள் வாங்கக் காசில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய நாலாவது நாவல் அறுபத்து நாலாம் பக்கம் வரை வந்திருந்தது.

நான் என் குற்றச்சாட்டைப் பாதி சொல்லி முடித்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் துண்டு சுற்றியிருந்தது. துண்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. தணிகாசலத்தின் தொழிற்சாலையிலேயே தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய ஏழுமலை. விபத்து நடந்து ஒரு வருஷமாகிறது, நஷ்டஈடு வரவில்லை.

அவர் வந்ததற்குக் காரணம் இதுதான். டீக்கடை ஆட்கள் கேட்டுக்கொண்டதால் தணிகாசலம் நாவலில் ஏழுமலை என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் அவன் கையை மிஷின் வாங்கிவிடுகிறது. ஒரு கப்பல் அவனை வேறு கிரகத்துக்குத் தூக்கிப்போகிறது. அறுபத்து மூன்று, அறுபத்து நாலாம் பக்கங்களில் அவனுக்குக் கை முளைக்கிறது, முதலில் விரல் நுனிகள், பிறகு ரேகைகள். டீக்கடையில் அதை வாசித்தபோது பலர் அழுதார்களாம். தணிகாசலம் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதான். தாளை வாங்கி நான் படித்தேன், உண்மைதான்.

“மாமே, அந்தக் கையை எடுத்துடு” என்றார் ஏழுமலை.

அச்சாகிவிட்டது, எழுத்தையும் பிரித்தாயிற்று என்றார் தணிகாசலம். முகம் சுருங்கிவிட்டது. நண்பனுக்குச் செய்த நல்லது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

“முன்னெல்லாம் சம்பள நாள்ல பத்து பேரு என்கூட ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பானுங்கோ. நஷ்டஈடு இன்னா ஆச்சின்னு கேப்பானுங்கோ. நீ படிச்சே, அழுதானுங்கோ, அதோட அவனுங்களுக்குத் தீந்துடுச்சி. இப்போ ‘இன்னா மாமே, முளைச்சிச்சா?’ன்னு கேட்டுட்டுப் போய்க்கினே கீறானுங்கோ. நான் மட்டும் நின்னுகினு கீறேன்.”

நான் சொல்ல வந்ததும் இதுதான் என்று குறுக்கிட்டேன். ஏழுமலை அப்போதுதான் என்னைக் கவனித்தார். நான் யாரென்று பாயிடம் கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறவர் என்றார் பாய்.

“ஓ, இது வேறயா” என்றார் ஏழுமலை.

தணிகாசலம் ஒரு வழி சொன்னார். அடுத்த நாலு பக்கத்தில் அந்தக் கை மறுபடி போய்விடுவதாக எழுதிவிடலாம்.

“ரெண்டாந்தபா வெட்டுவியா?”

தணிகாசலம் மிச்சமிருந்த தாளை எண்ணிப் பார்த்தார். கறிக்கடையில் கத்தி விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு பக்கத்தையும் மறுபடி அச்சடிக்கத் தாளில்லை. மேலே வெள்ளைத் தாள் ஒட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவார்கள். கடைசியில் பாய்தான் சொன்னார். அடித்த தாள்கள் இன்னும் மடிக்கப்படவில்லை. ஒரு பாதியில் 61, 62. மறு பாதியில் 63, 64. நடுவே வெட்டினால் பாதி போகும், பாதி நிற்கும். ஓரத்தில் தைக்கிற புத்தகம்தான், ஒற்றைத் தாள் உதிராது. ஆனால் கதை பாதி வாக்கியத்தில் நிற்கும்.

தணிகாசலம் கடைசித் தாளை எடுத்து அந்த இரண்டு பக்கங்களையும் ஒருமுறை வாசித்தார், சத்தமில்லாமல். பிறகு கட்டிங் மிஷினைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாய் முதல் கட்டை வைத்து அழுத்தியதும் ஏழுமலை கிட்டே வந்தார். கத்தியை இறக்கும் சக்கரத்தைத் தானே சுற்றுவதாகச் சொன்னார். பாய் தயங்கினார். கை ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று பார்த்தார்.

“ஒண்ணுதான் கீது பாய். எனக்குத் தெரியாதா?”

இடது கையால் சக்கரத்தைச் சுற்றினார். கத்தி இறங்கியது. நாங்கள் மூவரும் தாளைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டுக்குக் கட்டு நிதானமாக வெட்டினார். முடிந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. வெட்டிய பாதிகளை பாய் மூலையில் ஒதுக்கினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தாலாவது பில் போட உதவும், இது கறிக்கடைக்குத்தான் என்றார்.

அடுத்த பக்கத்துக்கு 63 என்றே எண் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்றும் பாய் சொன்னார். அதற்கு ஏழுமலைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“நெம்பரை மாத்தாதீங்கோ. இன்னாவோ ஒண்ணு இல்லேன்னு தெரியட்டும்.”

பஸ் நிறுத்தம் வரை ஏழுமலையோடு நடந்தேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். இல்லாத விரல்கள் ராத்திரியில் அரிப்பெடுப்பதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், பஸ் வந்ததும், “எழுதிக்கோ. முளைக்க மட்டும் வெக்காதே” என்று ஏறிப் போய்விட்டார்.

வானத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் தீரவில்லை. கூடவே ஒரு சந்தேகம் சேர்ந்திருக்கிறது. பசியையும் விபத்தையும் அப்படியே எழுதும் எங்கள் கதைகளைப் படித்துக் கண்ணீர் விட்டு, அதோடு கணக்கு முடிந்தது என்று போகிறவர்கள் எத்தனை பேர்? எங்களிடம் வந்து அந்தப் பக்கத்தை எடு என்று சொல்ல ஒருவரும் பஸ் ஏறி வந்ததில்லை.

போகிறவர்கள் மின்வெட்டு நாளாகப் பார்த்துப் போங்கள். நண்பகல் தாண்டினால் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். குமணன்சாவடியில் டீ கிடைக்கும், தண்ணீர் கையோடு கொண்டுபோவது நல்லது. சம்பள நாளில் அம்பத்தூர் போனால் புத்தகம் கிடைக்காது. தணிகாசலம் அன்று விற்பதில்லை, ஏழுமலையோடு ஆபீஸ் வாசலில் நிற்கிறார். நஷ்டஈடு இன்னும் வரவில்லை. நேரம் இருப்பவர்கள் நீங்களும் போய்ப் பக்கத்தில் நிற்கலாம்.

நாவல் முடிந்து இப்போது விற்பனையில் இருக்கிறது. விலை இரண்டு ரூபாய். அறுபத்திரண்டாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கும். அடுத்த பக்கத்தின் எண் அறுபத்தைந்து, அது ஓர் அரிப்பில் தொடங்குகிறது. பைண்டிங் கோளாறு என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.