துரையின் காது

ஆட்டின் காது எத்தனை சூடாக இருக்கும் என்பது அதைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. விரலால் நீவிவிட்டால் ஆடு கண்ணை மூடிக்கொள்ளும். பதினாறு வயதில், ஏழு மாதம் தினமும் அப்படி ஒரு காதை நீவிவிட்டவள் நான். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பக்ரீத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஆடு வருகிறது, மறுநாள் காலையில் முடிந்துவிடுகிறது. அது கறுப்பா வெள்ளையா என்றுகூடப் பிள்ளைகளுக்கு நினைவிருப்பதில்லை. நல்லதுதான் என்று ஒரு மனசு சொல்கிறது. அப்படியானால் நாம் எதைத்தான் கொடுக்கிறோம் என்று இன்னொரு மனசு கேட்கிறது. இந்த இரண்டு மனசையும் வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

நான் பிறந்தது பழவேற்காட்டில். பதினைந்து முடிந்ததும் மயிலாப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். கோயில் குளத்திலிருந்து சாந்தோம் கடற்கரைப் பக்கம் போகிற வழியில், எங்கள் ஆட்கள் நிறையக் குடியிருந்த ஒரு சந்தில் வீடு. மாமனார் தையல்காரர். ஏதோ சட்டை தைக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹைகோர்ட்டுக்குப் போகிற மயிலாப்பூர் வக்கீல்களின் கறுப்புக் கோட்டும் அங்கியும் அவர் கையில் தைத்ததாகத்தான் இருக்கும். துணியை மேஜையில் விரித்துவிட்டு ஐந்து நிமிஷம் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் கத்திரிக்கோலை எடுத்தால் நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தமாட்டார். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னைப் 'புள்ள' என்பார். மாமியார் அதிகம் பேசாதவர், வேலை முடிந்தால் தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஒரே மகன். நிக்காஹ் முடிந்த இருபதாம் நாள் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. இருபது நாளில் என்னத்தைப் பழகுவது, சொல்லுங்கள். அதில் பாதி நாள் வெட்கத்திலேயே போய்விட்டது.

அங்கிருந்து அவர் எழுதிய இரண்டாவது கடிதத்தில், 'வருகிற பக்ரீத்துக்கு என் பேரில் குர்பானி கொடுங்கள். ஆட்டை முன்னாடியே வாங்கி வீட்டிலேயே வளர்த்துக் கொடுங்கள்' என்று கேட்டிருந்தார். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருகிற முதல் பக்ரீத் அது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோடம்பாக்கம் பக்கம் போய் ஒரு கிடாவைப் பிடித்து வந்தார். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. தழையைப் போட்டால் உடனே வாய் வைக்கமாட்டான்; முகர்ந்துவிட்டு, இவ்வளவுதானா என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பான். அதனால் துரை என்று பேர் வைத்தேன். தழை போடுவது, தண்ணீர் காட்டுவது, கொல்லையைக் கூட்டுவது எல்லாம் என் வேலை. அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியதும் அவனிடம்தான். பழவேற்காட்டு ஏரி, என் தங்கைகள், காரணமே இல்லாமல் எனக்கு வருகிற அழுகை என்று எல்லாவற்றையும் கொட்டுவேன். உள்ளதைச் சொல்வதென்றால், கட்டிக்கொண்டவரை விட அந்த ஆட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் சரியாக நினைவுக்கு வராது. துரையின் முகம் கண்ணை மூடினாலும் வரும்.

பக்ரீத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ரங்கூன் கடிதம் நின்றது. முதல் மாதம் 'கப்பல் தாமதம்' என்றார் மாமா. இரண்டாவது மாதம் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் சந்துக்குள் திரும்புகிற நேரத்தில் தையல் மிஷின் தானாக நின்றுவிடும். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடாது. ஒரு வக்கீல் கோட்டில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். அம்மாடி, அப்படி ஒரு தப்பை மாமா செய்து யார் பார்த்திருக்கிறார்கள்! கடிதம் வராத ஒவ்வொரு நாளும் கொல்லைக்கு வந்து துரையைச் சோதிப்பார். கண்ணைப் பார்ப்பார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். "குர்பானி ஆடுன்னா ஒரு குறை இருக்கக் கூடாது புள்ள. காதுல ஒரு துளி இல்லாம இருந்தாலும் நம்ம வழியில செல்லாது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே காதை விரித்து வெயிலுக்குப் பிடிப்பார். ஆடு நன்றாக இருந்தால் மகனும் நன்றாக இருப்பான் என்று அவர் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் அந்தக் காது விஷயம் ஒன்றுதான்.

பக்ரீத் பெருநாளுக்கு முதல் நாள் முற்பகல். மாமா கோட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தார். மாமி அன்றைய நோன்பு வைத்து, அசதியில் உள்ளே படுத்திருந்தார். மேஜை இழுப்பறையில் காஜா வெட்டுகிற சின்னக் கத்திரிக்கோல் இருந்தது. பித்தான் துளை வெட்டுவதற்கென்றே வைத்திருப்பது, பயங்கரக் கூர்மை. இந்த ஆடு ஆகாது என்று ஆகிவிட்டால் வேறு ஆடு வாங்குவார்கள், துரை பிழைத்துக்கொள்வான், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். வாங்குகிற அந்த வேறு ஆடும் ஆடுதானே என்று தோன்றவே இல்லை பாருங்கள். எப்போதும் போலக் காதை நீவிவிட்டேன். அவன் கண்ணை மூடினான். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெட்டிவிட்டேன். அவன் கத்தவில்லை. தலையை ஒரு உதறு உதறினான், என் சேலையெல்லாம் ரத்தம். இரண்டடி விலகிப் போய் நின்று என்னைப் பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து அதே கையில் தலையை வைத்தான். மஞ்சளை அப்பினேன். கத்திரிக்கோலைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். சேலையை அலசிப் போட்டேன்.

மாமா வந்து பார்த்தார். "எப்படி ஆச்சு?" என்றார். "முள்வேலியில மாட்டிக்கிச்சு மாமா" என்றேன். காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்தார். ஹஜ்ரத் விரலால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் ஷாஃபி வழிக்காரர்கள்; காதில் துளி குறைந்தாலும் எங்களுக்குச் செல்லாது. அதற்குள் பக்கத்து வீட்டில் ஜட்கா வண்டி ஓட்டுகிற சாயபு எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் உருது, வெளியே மெட்ராஸ் பாஷை, எப்போதும் சிரித்த முகம். அவர்கள் ஹனஃபி வழி. "இன்னா பாய், நகம் அளவு போனதுக்கா இப்பிடி குந்திக்கினு கீறே? எங்களுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல போனாத்தான் தப்பு. உன்னுத என்கிட்ட குடு, என்னுத நீ புடி. முடிஞ்சுது விசயம்!" என்றார். ஹஜ்ரத்தும் தலையாட்டினார். எல்லாருக்கும் நிம்மதி. நான் கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாயபு கயிற்றைப் பிடித்து இழுத்ததும், துரை நான் கூட வருவேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலம் மாமா மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இப்ராஹீம் நபிக்கு மகனை விட்டுட்டு ஆட்டைக் கொடுத்தான் அல்லாஹ். நான் மகன் பேருல வச்சிருந்த ஆட்டை வேணாம்னு திருப்பிட்டான். அப்ப என்கிட்ட எதைக் கேக்குறான்?" ஐயோ, இந்த ஆடு யார் பேரில் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். கத்திரிக்கோலை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் ஞாபகமே எனக்கு வரவில்லை, அதுதான் உண்மை.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் இரண்டு கொல்லையிலும் அறுக்கும்போது சொல்கிற தக்பீர் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம், அண்டை வீட்டுப் பங்கு என்று ஜட்கா சாயபு வீட்டிலிருந்து தட்டில் துணி மூடிக் கறி வந்தது. எதன் கறி என்று நான் கேட்கவில்லை. மாமி, "ஆக்கிடு" என்றார். கழுவினேன், மசாலா அரைத்தேன், ஆக்கினேன். மாமாவுக்கு வைத்தேன். என் தட்டிலும் இரண்டு துண்டு வைத்தார் மாமி. சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இதை மறைத்தால் மற்றதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை. ருசியாக இருந்தது, தொண்டையில் இறங்கவும் இறங்கியது, அப்புறம் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். உண்டாகியிருக்கிறாளோ என்று மாமி என்னை நப்பாசையோடு பார்த்தார். அவர் மகன் போய் ஒன்பது மாதத்துக்கு மேலாகிவிட்டது என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும், பாவம்.

எட்டு நாள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு இப்போது எனக்கும் மூச்சு நின்றது. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் ஓத வருவதில்லை. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஆகியிருந்தால் நான்தான், நான்தான் என்று அதே பாட்டு. ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது, அவர் கையெழுத்தில் இல்லை. கடை முதலாளி எழுதியிருந்தார். சரக்கு எடுக்க மேல்பர்மாவுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். செய்தி தங்களுக்கே தாமதமாகத்தான் கிடைத்தது என்று போட்டு, இறந்த பிறைத் தேதியையும் குறித்திருந்தார். மாமா உரக்கப் படித்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மாமி தரையில் விழுந்து அலறினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? விரல் விட்டு எண்ணினேன். பெருநாளுக்குப் பதினோரு நாள் முன்னாலேயே அவர் போய்விட்டார். அப்படியானால் என் கத்திரிக்கோலால் இல்லை. எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. அதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து, சொந்த மகளுக்குச் செய்வது போல மாமாவே மாப்பிள்ளை பார்த்து எனக்கு மறு நிக்காஹ் செய்துவைத்தார். அந்த வழியில் வந்த குடும்பம்தான் இன்று என்னைச் சுற்றி இருப்பது. ஒரு வருடமும் நான் குர்பானி வேண்டாம் என்று சொன்னதில்லை. ஏழைப்பட்டவர்கள் அன்று ஒரு நாளாவது வயிறாரச் சாப்பிடுகிறார்கள், அதைப் பார்த்தால் மனசு குளிர்கிறது. ஆனால் ஆட்டை வீட்டுக்குள் ஓட்டி வந்தால் நான் காதுப் பக்கம் பார்க்கமாட்டேன். கொல்வது பாவம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் செய்ததுதான் பாவம் என்று மட்டும் தெரியும். கொடுப்பதற்கென்று வைத்ததைக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை, வீணாக வலிக்கச் செய்தேன்.

ஆனால் கடிதம் வந்த அந்த நாட்களுக்குத் திரும்ப வேண்டும். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் ஒதுங்கி இருக்க வேண்டிய இத்தாவில், நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். மாமா பக்கத்து அறையில் படுத்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஏன் திருப்பினான், நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் பட்டினியால் போகப்போகிறார், அதுவும் என் பொய்யால் போகப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அடிக்கட்டும், பழவேற்காட்டுக்குத் துரத்தட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு காலை நேரம் கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "மாமா, அந்த ஆட்டுக் காது..." என்று ஆரம்பித்தேன்.

"அதைத்தான் புள்ள நானும் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்" என்று என் பக்கம் திரும்பினார். "இப்பத்தான் விளங்குது. அவன் பேருல கொடுக்கணும்னு வச்சிருந்தோம். அவன்தான் அதுக்கு முந்தியே போயிட்டானே. நமக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்ல? அதான் திருப்பியிருக்கான். கோவத்துல இல்ல புள்ள. உன் மகன் என்கிட்ட வந்துட்டான்னு சொல்லி அனுப்பியிருக்கான். எனக்குத்தான் படிக்கத் தெரியல."

"இல்ல மாமா, வேலியில..." என்று எதையோ உளறினேன்.

"வேலி கிழிக்கும் புள்ள, வெட்டாது. நாப்பது வருஷமா துணி வெட்டுறேன், எனக்குத் தெரியாதா? அது நேர் வெட்டு. ஒரு பிசிறு இல்ல. அது மனுஷக் கை செஞ்சதில்ல."

அவர் கண்ணில் இருந்த பயம் போயிருந்தது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்ல வந்தது என் நாக்கிலேயே நின்றது. "கஞ்சி ஆறிப்போகுது, குடு" என்றார். நீட்டினேன். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் பிடித்திருந்த என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.